ஆகஸ்டில் விட்சண்டே தீவுகள், சின்ன பாய்மரப் படகு, நாங்கள் இருவர் மட்டும்: ஒரு நாளில் இவ்வளவும் முடியுமா?

அலைமகள்:

வணக்கம். நானும் என் கணவரும் பிரிஸ்பேனில் இருக்கிறோம். ஆகஸ்ட் நடுவில் எங்கள் பத்தாவது கல்யாண நாள் வருகிறது, அதற்காக ஏர்லி பீச்சில் ஒரு 30 அடிப் பாய்மரப் படகை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மாலுமி கிடையாது, நாங்களேதான் ஓட்ட வேண்டும். உரிமம் தேவையில்லை, புறப்படும் முன் சொல்லிக் கொடுத்து அனுப்புவார்கள். நான் மோர்ட்டன் விரிகுடாவில் இரண்டு வருடமாக வார இறுதிகளில் பாய் பிடித்துப் பழகியிருக்கிறேன். அவருக்கு நீச்சல் நன்றாக வரும், ஆனால் படகு புதிது, அலை அதிகமானால் வயிறு புரட்டும்.

முதல் நாள் இரவு ஹூக் தீவின் நாரா இன்லெட்டில் தங்குகிறோம். என் கேள்வி இரண்டாம் நாளைப் பற்றி. காலையில் டங் பே போய் குன்றின் மேலே ஏறி ஹில் இன்லெட் என்கிற மணல் கழிமுகத்தைப் பார்த்துவிட்டு, வைட்ஹேவன் கடற்கரையில் குளித்துவிட்டு, மதியம் ஹேமன் தீவின் ப்ளூ பேர்ல் பேயில் பவளம் பார்க்க முங்கிவிட்டு, மாலை லாங்ஃபோர்ட் மணல்திட்டில் சூரியன் விழுவதைப் பார்த்துவிட்டு மறுபடி நாராவுக்கே வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். வரைபடத்தில் எல்லாம் பக்கத்து பக்கத்தில்தான் இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பாய்:

வாழ்த்துகள். ஆனால் அந்த இரண்டாம் நாளைப் பாதியாக வெட்டிவிடுங்கள், தயவுசெய்து.

கணக்கு இதுதான். உங்கள் படகு நன்றாக ஓடினால் 5 நாட் வேகம், அதாவது மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் போல. நாராவிலிருந்து ஹூக் பாஸேஜ் என்கிற கடல் இடுக்கு வழியாக டங் பே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அங்கிருந்து திரும்பி ப்ளூ பேர்ல் பே போக மூன்றரை மணி நேரமாவது ஆகும். பிறகு நாராவுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். ஏழு மணி நேரம் ஓட்டமே போய்விட்டது, இதில் நங்கூரம் போடுவது, டிங்கியை (கரைக்குப் போகிற குட்டிப் படகு) இறக்குவது, சாப்பாடு எதுவும் சேரவில்லை. ஆகஸ்டில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே விழுந்துவிடும். வாடகைக்குக் கொடுப்பவர்களோ நான்கு மணிக்குள் நங்கூரம் போட்டு நின்றுவிடு என்பார்கள். அது வெறும் விதி இல்லை. வெயில் தலைக்கு மேல் இருக்கும்போது தண்ணீருக்கடியில் பவளம் பழுப்பாகத் தெரியும், சாய்ந்துவிட்டால் மேலே பளபளப்பு மட்டும்தான், கீழே என்ன இருக்கிறது என்று ஒன்றும் தெரியாது.

அப்புறம் காற்றும் நீரோட்டமும். அந்த மாதத்தில் தென்கிழக்குக் காற்று 15, 20 நாட் என்று நாள் கணக்கில் விடாமல் அடிக்கும். அங்கே நீர் ஏறும்போது ஓட்டம் தெற்கே போகும், வற்றும்போது வடக்கே. ஏற்றமும் தென்கிழக்குக் காற்றும் எதிரெதிராக மோதினால் விட்சண்டே பாஸேஜில் அலை குட்டையாகச் செங்குத்தாக எழும், உங்கள் கணவருக்கு அது ஆகவே ஆகாது. அதே இடம் வற்றத்தில் எவ்வளவோ சாதுவாக இருக்கும். ஆகவே எங்கே போவது என்று முடிவு செய்யும் முன் அந்த நாளின் ஏற்ற வற்ற நேரத்தைப் பாருங்கள்.

ஹில் இன்லெட்டில் வேறு ஒரு சிக்கல். வெள்ளை மணலும் நீலமும் சுழித்துக் கலக்கும் அந்தக் காட்சி நீர் வற்றிய நேரத்தில்தான் அழகு, ஆனால் அதே நேரத்தில் டங் பேயில் கரையோரம் பவளம் மேலே வந்து டிங்கி கரையேற முடியாது. வற்றம் முடிந்து மறுபடி ஏறத் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் போவதுதான் சரி. டிங்கியை நன்றாக மேலே இழுத்துக் கட்டுங்கள். நாங்கள் மணலில் இரண்டு அடி இழுத்துவிட்டு மேலே போனோம், இறங்கி வந்தால் டிங்கி ஐம்பது மீட்டர் தள்ளி மிதக்கிறது. நல்லவேளை, பக்கத்துப் படகுக்காரர் பிடித்துக் கொடுத்தார். அன்று என் மனைவியின் முகத்தில் பார்த்த பயம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

என் யோசனை: வடக்குப் பக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்குக் காற்றை ஹூக் தீவே மறைத்துக்கொள்ளும். காலையில் நாராவிலிருந்து லாங்ஃபோர்ட், பிறகு ப்ளூ பேர்ல், இரவுக்கு நாரா வரை திரும்ப வேண்டாம், பக்கத்திலேயே ஸ்டோன்ஹேவன் என்று நங்கூரம் போடுகிற இடம் இருக்கிறது. வைட்ஹேவனுக்கு இன்னொரு நாள் தங்கி ஏர்லியிலிருந்து பெரிய படகில் போய் வாருங்கள். ஏழு கிலோமீட்டர் மணல், அவசரமாக எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிற இடமா அது?

முத்துநகர்:

பழைய பாய் அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் நங்கூரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன் தங்கச்சி, ஏனென்றால் கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் போகிற படகில் சண்டை வருவது அங்கேதான்.

எங்கள் அப்பா தூத்துக்குடியில் வள்ளம் வைத்திருந்தவர். அணியத்தில் (படகின் முன்முனை) ஒருவர், அமரத்தில் (பின்முனை) ஒருவர் நின்றால் இருவருக்கும் ஒரே கண் இருக்க வேண்டும் என்பார். முன்பக்கம் நிற்பவர் சொல்வது காற்றிலும் இன்ஜின் சத்தத்திலும் பின்னால் கேட்கவே கேட்காது, கேட்காததால் கத்துவார், கத்துவதைக் கோபம் என்று மற்றவர் எடுத்துக்கொள்வார். நானும் என் வீட்டுக்காரரும் முதல் தடவை போனபோது ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தது இதனால்தான். இரண்டாவது தடவை புறப்படும் முன் வீட்டிலேயே கைச்சைகையை முடிவு செய்துகொண்டோம். விரல் காட்டிய பக்கம் திருப்பு, மூடிய கை என்றால் நிறுத்து, உள்ளங்கை பின்னால் என்றால் ரிவர்ஸ். அவ்வளவுதான், ஒரு வார்த்தை தேவைப்படவில்லை.

சங்கிலிக் கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள். தூத்துக்குடியில் ஏற்ற வற்ற வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். விட்சண்டேயில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீட்டரைத் தாண்டும். வற்றத்தில் 5 மீட்டர் ஆழம் பார்த்துப் போட்டீர்கள் என்றால், ஏற்றத்தில் 8, அணியத்தின் உயரம் 1, மொத்தம் 9, அதற்கு ஐந்து மடங்கு 45 மீட்டர் சங்கிலி விட வேண்டும். போட்ட பிறகு கரையில் இரண்டு மரத்தைக் குறி வைத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள், குறி நகர்ந்தால் எடுத்து மறுபடி போடுங்கள்.

பவளத்தின் மேல் நங்கூரம் விழவே கூடாது. வெள்ளைக் கூம்பு மிதவைகள் வரிசையாகத் தெரிந்தால் அதைத் தாண்டிக் கரைப்பக்கம் போடத் தடை. 2017 மார்ச்சில் டெபி புயல் அந்த வடக்குக் குடாக்களின் பவளத்தை மோசமாக நொறுக்கிவிட்டது, இப்போதுதான் வளர்ந்து வருகிறது, நம் சங்கிலி அதன் மேல் புரளக் கூடாது. நங்கூரத்துக்குப் பதில் படகைக் கட்டுகிற பொது மிதவை காலியாக இருந்தால் அதையே பிடியுங்கள். பெரும்பாலானவற்றில் பகலில் இரண்டு மணி நேரம்தான், மாலை மூன்றுக்குப் பிறகு பிடித்தால் இரவும் இருக்கலாம். மிதவையில் எழுதியிருக்கும் நீள வரம்பைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

உப்புக்காற்று:

அண்ணாவுக்கு வயிறு புரட்டினால் உள்ளே கேபினுக்கு அனுப்பாதீர்கள் அக்கா, சுக்கானை அவர் கையில் கொடுத்துத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையைப் புறப்படும் முன்பே போட்டுவிட வேண்டும், புரட்டத் தொடங்கிய பிறகு போட்டால் பயனில்லை. சமையலை நங்கூரம் போட்டிருக்கும்போதே முடித்து எலுமிச்சைச் சாதம் மாதிரி ஏதாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாராவில் கட்டாயம் கரையேறிப் பாருங்கள். அந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான ஙாரோ மக்கள் 9,000 வருடத்துக்கு முன்பே தங்கிய பாறைக்குகை அது, சுவரில் வலை மாதிரி ஓவியங்கள். கடலையும் படகையும் நம்பி வாழ்ந்த மக்கள். நான் அங்கே பேசாமல் வெகுநேரம் நின்றிருந்தேன்.

ஆகஸ்ட் என்பதால் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டியோடு இருக்கும். அந்தப் பகுதியில் 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. ஜெல்லி மீன் ஆபத்து நவம்பர் முதல் மே வரைதான் அதிகம், ஆனாலும் உடலை மூடும் உடையோடு இறங்குங்கள், படகில் வினிகர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அலைமகள்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அவரிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன், வைட்ஹேவனை விட்டுவிடலாம் என்று சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. நான் இத்தனை நாள் அவரிடம் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. லாங்ஃபோர்ட், ப்ளூ பேர்ல், ஸ்டோன்ஹேவன் என்று மாற்றிவிட்டோம். நேற்று இரவு சாப்பிட்ட பிறகு ஹாலில் நின்று கைச்சைகை பழகினோம். ரிவர்ஸுக்கு மட்டும் இரண்டு பேரும் வேறு வேறு கை காட்டுகிறோம், அதைப் புறப்படும் முன் சரி செய்துவிடுவோம்.