மறு: வாட்டர்ஷெட் – முகடு வேண்டாம், கோடு போதும்

அனைவருக்கும் வணக்கம். வாட்டர்ஷெட் (watershed) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எதை வைப்பது என்ற நம் விவாதத்தில், முன்வைத்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> நீர்வடிப்பகுதி ஏற்கெனவே அரசு வழக்கில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

அது பரப்பைக் குறிக்கும் சொல். ஓர் ஓடைக்கு மழைநீர் வந்து சேரும் நிலம் முழுவதும் நீர்வடிப்பகுதிதான். இலங்கையில் நீரேந்து பகுதி என்பார்கள். நமக்கு இப்போது வேண்டியது இரண்டு பரப்புகளுக்கு நடுவே ஓடும் எல்லைக்கு ஒரு பெயர். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கிறது என்பதற்காக நாமும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

> அப்படியானால் நீர்ப்பிரிமுகடு?

இதைத்தான் உறுதியாக மறுக்கிறேன். நீர் பிரியும் இடம் மலையின் உச்சியாகத்தான் இருக்கும் என்று இந்தச் சொல்லே முடிவு செய்துவிடுகிறது. அதே நினைப்பில் 1881இல் அர்ஜென்டினாவும் சிலியும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஆண்டிஸ் மலைத்தொடரில் நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த சிகரங்கள் வழியாக எல்லை செல்லும் என்று அதில் எழுதினார்கள். வடக்கே பெரிய சிக்கல் இல்லை. தெற்கே பட்டகோனியாவில் உயர்ந்த சிகரங்கள் ஒரு பக்கம், நீர் பிரியும் இடம் இன்னொரு பக்கம் என்று ஆகிவிட்டது.

காரணம் பனியுகம். பனியாறுகள் மலையைக் குறுக்கே குடைந்து ஆழமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. கொண்டுவந்த கல்லையும் மண்ணையும் கிழக்கே சமவெளி ஓரத்தில் மேடாகக் குவித்தன. பனி உருகிய பிறகு, அந்தத் தாழ்ந்த மேடுகளே பல இடங்களில் நீரைப் பிரித்தன. அதனால் மலைக்குக் கிழக்கே பிறக்கும் ஆறுகள் சில, மலைத்தொடரையே ஊடறுத்துக்கொண்டு மேற்கே பசிபிக்கில் கலக்கின்றன. அர்ஜென்டினாவில் இருக்கும் லாகர் ஏரியின் நீரும் சிலி வழியாகப் பசிபிக்குக்குத்தான் போகிறது.

சிலியின் வல்லுநர் தியேகோ பார்ரோஸ் அரானா, நீர் பிரியும் இடமே எல்லை என்றார். உயர்ந்த சிகரங்களே எல்லை என்றார் அர்ஜென்டினாவின் பிரான்சிஸ்கோ மொரேனோ. 1898இல் மொரேனோ செய்த காரியம் நம் விவாதத்துக்கு நேரடிச் சான்று. பசிபிக் பக்கம் போய்க்கொண்டிருந்த ஃபெனிக்ஸ் ஆற்றின் நீரை, ஒரு வாய்க்கால் வெட்டி, அட்லாண்டிக்கில் கலக்கும் தெசெயாதோ ஆற்றுக்குத் திருப்பிவிட்டார். மண்வெட்டியால் மாற்றக்கூடிய ஒன்றை எந்த வாயால் முகடு என்பது? கடைசியில் பிரிட்டன் மன்னர் ஏழாம் எட்வர்டு 1902இல் தீர்ப்பளித்தார். அது இரண்டு வாதங்களில் எதையும் முழுதாக ஏற்காமல், நடுவே ஒரு கோடு போட்டது.

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே இருக்கும் பிரனீசு மலை இன்னும் ஒரு படி மேலே. அதன் மிக உயர்ந்த சிகரம் அனேட்டோ, 3,404 மீட்டர், ஸ்பெயினுக்குள் இருக்கிறது. நிலத்தின் சரிவைப் பார்த்தால் அதன் பனியாற்று நீர் தெற்கே எப்ரோ ஆற்றில் சேர்ந்து மத்தியதரைக் கடலுக்குப் போக வேண்டும். அந்த நீரோ சுண்ணாம்புப் பாறைக் குழி ஒன்றில் இறங்கி மறைந்து, மலைக்கு அடியிலேயே போய், ஆரான் பள்ளத்தாக்கில் வெளிவந்து, பிரான்சுக்குள் ஓடி அட்லாண்டிக்கில் கலக்கும் கரோன் ஆற்றில் சேர்கிறது. பிரெஞ்சு குகை ஆய்வாளர் நோர்பெர் காஸ்தெரே 1931இல் நீரில் சாயம் கலந்து இதை நிரூபித்தார். இங்கே நீர் பிரிவது பூமிக்குள்ளே!

ஆகவே என் பரிந்துரை: நீர்பிரிகோடு. நீர் பிரியும் கோடு என்று விரிவதால் நடுவில் ஒற்று மிகாது. கோடு என்றால் வரைபடத்தில் போடும் வெறும் கீறல்தானே, மலையின் கனம் அதில் இல்லையே என்று சிலர் நினைக்கலாம். திருச்செங்கோட்டில் இருக்கும் கோடு மலைதான். நீர்பிரிகோடு என்பது உயரமான இடத்துக்கும் பொருந்தும், தாழ்ந்த மேட்டுக்கும் பொருந்தும், கண்ணுக்கே தெரியாத இடத்துக்கும் பொருந்தும். நிலத்தடி நீர்பிரிகோடு, கண்ட (continental) நீர்பிரிகோடு என்று நீட்டவும் வசதி.

முகடுகளை இணைத்துச் செல்வதற்கு முகட்டுக்கோடு என்று தனியாக வைத்துக்கொள்வோம். அப்புறம் பட்டகோனியா சிக்கலை ஒரே வரியில் எழுதிவிடலாம்: "முகட்டுக்கோடும் நீர்பிரிகோடும் விலகிச் செல்லும் இடங்களில் எல்லை எது என்று ஒப்பந்தம் சொல்லவில்லை." நீர்ப்பிரிமுகடு என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை எழுத முடிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.