பிள்ளை சுகம், மனைவிக்குத்தான் நித்திரை இல்லை

வணக்கம் அக்காமார், அண்ணாமார். கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். மகள் பிறந்து ஏழு கிழமை. பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்கவில்லை. மூன்று பைன்ட் இரத்தம் ஏற்றித்தான் மனைவியைக் காப்பாற்றினார்கள். அவரின் செருப்பைக் கையில் பிடித்தபடி நான் வெளியில் நின்றேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

31ஆம் நாள் கழிந்து பிள்ளைபெற்ற துடக்கும் போய்விட்டது. மாமி சரக்கரைத்துக் கறி வைத்துத் தருகிறார், உடம்பு தேறுகிறது. ஆனால் மனைவி இரவில் திடுக்கிட்டு எழும்பி, இரத்தமோ என்று கட்டில் விரிப்பைத் தடவிப் பார்க்கிறார். “பிள்ளை சுகம்தானே, பிறகென்ன?” என்று யாரும் கேட்டால் உள்ளே போய்விடுவார். (அம்புலன்ஸ் சத்தத்துக்கு எனக்கும் கை நடுங்குகிறது. அதை யாரிடம் சொல்வது?)

குடும்பநல மாது பத்துக் கேள்வி உள்ள எடின்பரோ தாளை நிரப்புவித்தார். அது பெரும்பாலும் மனச்சோர்வைப் பார்ப்பது. இவருக்கு இருப்பது பயம். 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கலாம்தான், மனைவிக்கு முகம் பார்த்துக் கதைக்கத்தான் விருப்பம்.

யாழ்ப்பாணத்தில் ஆறுதலாக இருந்து கேட்கக்கூடிய பெண் உளவளத்துணையாளர் யாரையும் தெரியுமா? இதைக் கடந்துவந்த அம்மா யாராவது ஒரு பின்னேரம் வந்து கதைத்தாலும் போதும். உள்பெட்டியில் எழுதுங்கோ.