ஹார்வர்டுக்குப் போகும் முன் மலையா, வெளிநாட்டு மாணவர் திட்டமா?

பொருநை_17:
எல்லோருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்டில் ஹார்வர்டில் இளங்கலை சேர்கிறேன், முழு உதவித்தொகையில். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான். பொறியியல் கலந்தாய்வுக்காக வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது.

அங்கே எல்லோருக்குமான அறிமுக நாட்களுக்கு முன்பே, விரும்புகிறவர்கள் சில நாள் முன்னதாக வந்து ஒரு திட்டத்தில் சேரலாம். ஃபாப் என்பது அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்து மலைகளில் நடைப்பயணம், கூடாரம். ஃபிப் வெளிநாட்டு மாணவர்களுக்கு. ஃபயர் என்பது என்னைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர்களுக்கும் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும், 2018இல் தொடங்கியது. கலைக்கு ஒன்று, சமூகப் பணிக்கு ஒன்று என்று இன்னும் சில உண்டு. எனக்கு மலைக்குப் போக ஆசை. பாபநாசம் அருவியில் குளித்ததைத் தவிர மலை அனுபவம் கிடையாது. அம்மா பயப்படுகிறார். எதைத் தேர்ந்தெடுக்கட்டும்?

மீனா_பர்லிங்டன்:
வாழ்த்துகள் கண்ணு! பாஸ்டன் பக்கத்தில் இருபது வருஷமாக இருக்கிறேன். யோசிக்காமல் வெளிநாட்டு மாணவர் திட்டத்துக்கே போ. ஆகஸ்டில் நமக்கும் இங்கேயும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். முதல் நான்கைந்து நாள் மதியமே தூக்கம் சொக்கும், நடுராத்திரி பசிக்கும். அந்த நிலைமையில் முதுகில் மூட்டையோடு மலை ஏறுவாயா? சிம் கார்டு, வங்கிக் கணக்கு, விசா காகிதங்கள் என்று எல்லாவற்றுக்கும் கூடவே ஆள் இருக்க வேண்டாமா?

அப்புறம், பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் போட்டிருக்கும் தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக எஃப்-1 மாணவர் விசாவில் உள்ளே வர முடியாது. டிக்கெட் போடும்போது அதைப் பார்த்துக்கொள்.

மலைநடை:
அக்கா சொன்ன தேதி விஷயம் முக்கியம். மற்றதில் எனக்கு உடன்பாடில்லை. சிம் கார்டும் வங்கியும் அரை நாள் வேலை. முதல் வாரத்தில் கஷ்டம் வேறு. சாப்பாட்டுக் கூடத்துக்குள் தட்டோடு நுழைந்து, எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் நிற்போமே, அதுதான். ஹார்வர்டில் முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் அனன்பர்க் கூடத்தில்தான் சாப்பிடுகிறார்கள். அங்கே உன்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட, மலையில் உன்னோடு நடந்த எட்டுப் பேர் இருந்தால் போதும் தங்கச்சி.

நான் டார்ட்மத் என்ற இன்னொரு அமெரிக்கக் கல்லூரியில் படித்தவன். அங்கே இந்த மலைப்பயணம் 1935இலிருந்து நடக்கிறது, புது மாணவர்களில் பெரும்பாலானோர் போவார்கள். மழையில் நனைந்து, ஒரே சட்டியில் நூடுல்ஸ் கிண்டி, ஒருவர் மூட்டையை இன்னொருவர் தூக்கி நடந்தபோது யாரும் என் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்கவில்லை. ஹார்வர்டின் ஃபாப்பும் 1979இல் தொடங்கியது, புதிது இல்லை. ஹார்வர்ட், பிரின்ஸ்டன் மாணவர்களை வைத்து பிரெண்ட் பெல் என்ற ஆய்வாளர் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மலைப்பயணம் போய் வந்தவர்கள், தங்களுக்குத் துணையாக ஆட்கள் இருப்பதாக மற்றவர்களைவிடக் கூடுதலாக உணர்ந்தார்கள் என்பது அதன் முடிவு.

செல்வி_ஜெர்சி:
அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். மலைக்குப் போனவர்கள் தாங்களே விரும்பிப் போனவர்கள். எளிதாகப் பழகுகிற, சின்ன வயதிலிருந்தே கூடாரம் போட்டுப் பழகிய பிள்ளைகள்தான் அதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். நட்பு மலையால் வந்ததா, ஏற்கனவே இருந்த சுபாவத்தால் வந்ததா?

நானும் முதல் தலைமுறைதான். வேறொரு பல்கலைக்கழகத்தில், இதேபோல ஒரு மலைப்பயணத்துக்குப் போனேன். யாரும் அப்பாவின் வேலையைக் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் கேட்காமலே தெரிந்துவிடும் அண்ணா. ஒரு பெண்ணின் மழைக்கோட்டின் விலை எங்கள் வீட்டு இரண்டு மாத வாடகை. கோடைக்கால முகாம், பனிச்சறுக்கு, படகுவீடு என்று ஐந்து நாளும் பேச்சு ஓடியது. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்ல என்னிடம் இல்லை. அந்தக் குழுவில் ஒருவரோடும் பிறகு தொடர்பு நீடிக்கவில்லை.

என்னைக் காப்பாற்றியது மூன்றாம் வாரம் முதல் தலைமுறை மாணவர்களுக்கென்று நடந்த ஒரு கூட்டம். 'ஆஃபீஸ் அவர்ஸ்' என்றால் பேராசிரியர் தன் வேலையைப் பார்க்க ஒதுக்கிய நேரம், தொந்தரவு செய்யக் கூடாது என்று அதுவரை நினைத்திருந்தேன். அது மாணவர்கள் வந்து பேசுவதற்கான நேரம் என்று அன்றுதான் தெரிந்தது. இதை மலையில் யாரும் சொல்லித் தரவில்லை, ஏனென்றால் மற்றவர்களுக்கு அது பிறந்ததிலிருந்தே தெரியும். ஃபயருக்குப் போ.

மலைநடை:
செல்வி, உங்களுக்கு நேர்ந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். சமூகவியலாளர் ஆண்டனி ஜாக் 2019இல் வந்த தன் நூலில், உண்மைப் பெயரைச் சொல்லாமல் ஒரு பணக்காரப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே வகுப்பு தொடங்கும் முன் விடுதிக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்து சம்பளம் வாங்கும் ஒரு திட்டம். பணம் தேவைப்பட்ட பிள்ளைகள் அதற்குப் போனார்கள், வசதியானவர்கள் வேறு திட்டங்களுக்குப் போனார்கள். படிப்பு தொடங்கும் முன்பே வகுப்பு இரண்டாகிவிட்டது. ஏழைப் பிள்ளைகள் ஓர் அறையிலும் மற்றவர்கள் மலையிலும் இருந்தால் அதேதானே மறுபடியும் நடக்கும்?

செல்வி_ஜெர்சி:
ஒரு நிமிஷம். கழிப்பறை கழுவ அனுப்புவதும், 'உனக்கும் இங்கே இடம் உண்டு, இந்த இடம் இப்படித்தான் இயங்குகிறது' என்று உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தருவதும் ஒன்றா? வகுப்பு இரண்டாகப் பிரிவதைச் சரிசெய்ய வேண்டியது பல்கலைக்கழகம். பதினேழு வயதுப் பெண் தன் முதல் வாரத்தைக் கொடுத்து அதைச் சரிசெய்ய வேண்டியதில்லை. டார்ட்மத்தில் ஏறக்குறைய எல்லோரும் போகிறார்கள், அதனால் அங்கே நீங்கள் சொல்வது பொருந்தும். ஹார்வர்டில் விரும்பிச் சேர்கிறவர்கள் மட்டும்தானே.

மீனா_பர்லிங்டன்:
இரண்டு பேரும் சண்டை போடுங்கள், நான் அம்மா கேட்கிற கேள்வியைக் கேட்கிறேன். சைவச் சாப்பாடு கிடைக்குமா? மலையில் கழிப்பறைக்கு என்ன செய்வது?

பொருநை_17:
அத்தை, அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். மாதவிலக்கு வந்தால்?

மலைநடை:
சைவம் பிரச்சினையே இல்லை. பாஸ்தா, வேர்க்கடலை வெண்ணெய், சீஸ், பருப்பு என்று மலைச் சாப்பாடு பெரும்பாலும் சைவம்தான். விண்ணப்பத்தில் எழுதிவிடு. கழிப்பறை என்றால், நீர்நிலையிலிருந்து 200 அடியாவது தள்ளிப் போய், 6 அங்குல ஆழத்துக்குக் குறையாமல் குழி தோண்டி மூட வேண்டும். முதல் நாள் கூச்சமாக இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும். கடைசிக் கேள்விக்கு செல்வி பதில் சொல்வதுதான் சரி.

செல்வி_ஜெர்சி:
எனக்கே இரண்டாம் நாள் வந்தது. பயன்படுத்திய நாப்கினைப் புதைக்கக் கூடாது, இறுக்கமாக மூடும் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். குழுவை நடத்துகிற மூத்த மாணவிகளுக்கு இதெல்லாம் அத்துப்படி, உபரி நாப்கினும் வைத்திருந்தார்கள். இந்த ஒரு காரணத்துக்காகப் போகாமல் இருக்காதே.

பொருநை_17:
எல்லோருக்கும் நன்றி. ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். செல்வி அக்கா சொன்ன மழைக்கோட்டு விஷயத்தில் அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நீ எதற்குப் போனாலும் அந்த ஆஃபீஸ் நேரத்துக்கு மட்டும் முதல் வாரமே போய்விடு" என்றார். ஃபாப்புக்கு விண்ணப்பிக்கிறேன். முதல் தலைமுறை மாணவர் கூட்டங்கள் வருஷம் முழுக்க நடக்குமா என்று கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.

செல்வி_ஜெர்சி:
நான் இன்னும் ஃபயர் என்றுதான் சொல்வேன். சரி, முடிவு உன்னுடையது. முதுகுப்பை, தூக்கப்பையெல்லாம் இரவல் தருவார்கள், காசு போட்டு வாங்காதே. பூட்ஸ் மட்டும் இப்போதே வாங்கி, தினமும் ஒரு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நட. புதுப் பூட்ஸோடு ஏறினால் முதல் நாளே குதிகால் கொப்பளித்துவிடும்.