அடை முட்டையில் விரிசல்: வைக்கலாமா, எடுக்கணுமா?

கேள்வி (சென்னிமலை): சிறுவிடைக் கோழி 11 முட்டையோட அடை படுத்து 7 நாளாச்சுங்க. ஒரு முட்டையில முடி கனத்துக்கு விரிசல். எடுத்துரலாமுங்களா?

பதில் (காங்கேயம்): அவசரப்படாதீங்க. இருட்டுனதும் செல்போன் டார்ச்ச அகலமான பக்கத்துல ஒட்டி வச்சுப் பாருங்க. செவப்பு நரம்பு வலையாட்டம் ஓடுனா உசுரு இருக்குது. ஓடு மட்டும் விரிஞ்சு, உள்சவ்வு கிழியாம, கசியாம இருந்தாக் காப்பாத்தலாம். மெழுகுவர்த்திய உருக்கி, கொஞ்சம் ஆறி மங்கலாகறப்ப பஞ்சுக்குச்சியால விரிசல் மேல மட்டும் மெல்லிசாத் தடவுங்க. முட்டை முழுக்கப் பூசிராதீங்க, ஓட்டுத் துளை வழியாத்தான் குஞ்சுக்குக் காத்துப் போகுது. விரிசல மூடாம உட்டா ஈரம் வத்திரும், கிருமியும் ஏறும்.

பதில் (கோபி): கசிஞ்சா யோசிக்காம எடுத்துருங்க. கூமுட்டையாகி வெடிச்சா மத்ததும் கெட்டுரும். ஒழுகுன வைக்கோல மாத்துங்க. மத்த முட்டைய பச்சத்தண்ணியில கழுவவே கூடாதுங்க. குளுந்ததும் உள்ள சுருங்கி அழுக்க இழுத்துக்கும். காஞ்ச துணியால தொடச்சாப் போதும்.

பதில் (பெருந்துறை): அகலமான பக்கத்துல மெழுகு தடிப்பா இருந்தா 18ஆம் நாள் நகத்தால பதனமாச் சுரண்டிருங்க. குஞ்சு அங்கதான் கொத்தும்.