கலைச்சொல் தேவை: பாராதைராய்டு ஹார்மோனைப் போலச் செயல்படும் புரதம்

பெரம்பூர், மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். புற்றுநோய் வார்டுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறது. நுரையீரல், மார்பகம், சிறுநீரகத்தில் வரும் சில கட்டிகள், ரத்தத்தில் கால்சியத்தை ஏற்ற கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோனைப் போன்ற ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. எலும்பு கரைந்து கால்சியம் ரத்தத்தில் ஏறுகிறது. சிறுநீரகமும் அதை வெளியே விடுவதில்லை. அடங்காத தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம். வீட்டார் வெயில் அசதி என்று இருந்துவிடக் கூடாது. அந்தப் புரதத்துக்குப் பெயர் சொல்லுங்கள்.

மயிலாப்பூர், தமிழாசிரியர் (ஓய்வு):
'போலி' இருக்கத் தேடுவானேன்? அறம், அறன்: கடைப்போலி. எழுத்து மாறும், பொருள் மாறாது. இந்தப் புரதத்தின் முதல் 13 அமினோ அமிலங்களில் 8 அந்த ஹார்மோனில் உள்ளவையே. மற்றவை மாறியும் செல்லின் ஏற்பி இரண்டையும் ஒன்றாகவே கொள்கிறது. அச்சு அசல் இலக்கணப் போலி! கால்சியத்தையும் 'சுண்ணம்' என்றே எழுதுங்கள், திருவாசகத்திலேயே உண்டு.

அடையாறு, மருத்துவர்:
ஐயா, திருவாசகத்துப் பொற்சுண்ணம் நறுமணப் பொடி. 'போலி' என்றால் ஓ.பி.யில் போலி மாத்திரை, போலி டாக்டர்தான் நினைவுக்கு வரும், பயந்துவிடுவார்கள். தவிர, இது போலியே அல்ல. கருவில் குருத்தெலும்பு வளரவும், பாலூட்டும் தாயின் எலும்பிலிருந்து பாலுக்குக் கால்சியம் போகவும் உடலே சுரப்பது. கட்டி அளவில்லாமல் சுரப்பதுதான் வினை. கட்டி இப்படி ஏதோ சுரக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941இலேயே ஊகித்தார். புரதம் பிடிபட்டது 1987இல்.

தாம்பரம், மருந்தியல் மாணவி:
நன்னூல் உவம உருபுகளில் 'மான' அழகு, ஆனால் மானி என்றால் வெப்பமானி ஆகிவிடும். 'நிகர' எடுக்கலாம்: 'பாராதார்மோன் நிகர்ப்புரதம்'. பாராதைராய்டு ஹார்மோனுக்குப் பாராதார்மோன் என்ற பெயர் பள்ளிப் பாடத்திலேயே வருகிறதே.

மயிலாப்பூர்:
நிகர் என்றால் சமம். சமம் என்றால் பரிசோதனையில் பாராதார்மோனும் ஏறியிருக்க வேண்டாமா?

அடையாறு:
ஏறாது, இறங்கித்தான் இருக்கும். கால்சியம் மிகுந்ததும் பாராதைராய்டு சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். நோயைப் பிரித்தறிய அதுதான் பெரிய துப்பு. ஆனாலும் நிகர்ப்புரதம் எனக்குச் சம்மதம்.

பெரம்பூர்:
மூவர் நிகர்ப்புரதம், ஒருவர் போலி. நாள் இல்லை, நிகர்ப்புரதம் போகிறது. கால்சியம் கால்சியமாகவே இருக்கும். 'தாகமும் குழப்பமும் சேர்ந்து வந்தால் உடனே ரத்தக் கால்சியம் பாருங்கள்' என்ற வரி தடித்த எழுத்தில்.

மயிலாப்பூர்:
கையேட்டுக்குச் சரி. அகராதிக்கு ஒப்பமாட்டேன். 'போலி'யைத் தெருவிடம் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. தொல்காப்பிய உவமவியலோடு அடுத்த மடல் வரும்.