கதையும் கட்டுரையும் கலந்து படிக்க எதை எடுக்கலாம்?

வணக்கம். கொஞ்ச நாளாக ஒரு நாவல், அடுத்து ஒரு கட்டுரை நூல் என்று மாற்றி மாற்றிப் படிக்கிறேன். நாவல் தானாக ஓடிவிடுகிறது, கட்டுரை நூல்தான் நாற்பதாம் பக்கம் தாண்டாமல் நிற்கிறது, மேசையில் இப்போது அப்படி நான்கு கிடக்கின்றன (என் சோம்பேறித்தனமும் உண்டு, மறுக்கவில்லை).

கடைசியாக என்னை உட்கார வைத்தது பிரிமோ லெவி 1975இல் தனிம அட்டவணையின் பெயரிலேயே எழுதிய புத்தகம். மனுஷன் வேதியியலாளர். 21 அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர், பெரும்பாலும் சொந்த வாழ்க்கை, ஆனால் ஈயமும் பாதரசமும் முழுக்கக் கற்பனைக் கதைகள். கடைசியில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து கிளம்பும் ஒரு கார்பன் அணு எங்கெங்கோ சுற்றி, எழுதுகிறவர் மூளைக்குள் புகுந்து, அந்தப் பக்கத்திலேயே ஒரு புள்ளியை வைக்க வைக்கிறது! அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

அதேபோல மெல்வில்லின் ‘மோபி டிக்’ (1851) நாவலில் திமிங்கிலங்களைப் புத்தக அளவுகளைப்போல வகை பிரிக்கும் அத்தியாயம். பலர் தாண்டிவிடுவார்கள், எனக்கு அதுதான் பிடித்தது.

சரி, கேள்வி இதுதான்: தகவலைக் கதையாகச் சொல்லும், அல்லது கதைக்குள் தகவலை ஒளித்து வைக்கும் புத்தகங்கள் வேறென்ன? கடல், பூச்சி, கணிதம், மொழி, எதுவானாலும் சரி. தமிழில் இருந்தால் ரொம்பச் சந்தோஷம். தன்னம்பிக்கை நூல்கள் மட்டும் வேண்டாம். அப்புறம், எந்த இடத்தில் உங்களைப் பிடித்து இழுத்தது என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் தேர்ந்தெடுக்க எளிது.