78 × 60 மரக்கட்டில்: காலையும் சட்டத்தையும் இணைக்க ஸ்க்ரூ போதுமா?

புதுஉளி:
78 × 60 அங்குல மெத்தைக்குச் சாதாரணக் கட்டில் ஒன்று செய்யப் போகிறேன். கால் இரண்டரை அங்குலச் சதுரம். சுற்றுச் சட்டம் 6 அங்குல உயரம், 1 அங்குலக் கனம். மேலே 3 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனத்தில் 10 பட்டிகள். கால் வழியாக 4 அங்குல ஸ்க்ரூ விட்டுச் சட்டத்தைப் பிடித்தால் தாங்குமா? கிறீச் சத்தம் வராமல் இருக்க என்ன செய்யணும்?

இழைப்புளி:
ஸ்க்ரூ வேண்டாங்க. அது சட்டத்தின் அறுத்த நுனியில், அதாவது வெட்டுமுகத்தில்தான் இறங்கும். அங்கே மரை நாரைக் குறுக்கே கவ்வாது, நாரின் போக்கிலேயே அறுத்துக்கொண்டு போகும். முதலில் கெட்டியாகத்தான் தெரியும். கட்டிலை நாலு தரம் இழுத்து நகர்த்தினால் துளை பெருத்துவிடும்.

எம்8 (8 மிமீ கனம்) × 120 மிமீ போல்ட், உருளை நட் (சட்டத்தில் குறுக்கே துளை போட்டுச் செருகுவது; போல்ட் அதன் பக்கவாட்டில் திருகி ஏறும்), வாஷர் வாங்குங்கள். ஓர் இணைப்புக்கு இரண்டு, மொத்தம் 16. போல்ட்டுக்கு 9 மிமீ துளை. உருளை நட்டுக்கான துளையின் மையம் சட்ட நுனியிலிருந்து 45 மிமீ தள்ளி இருக்கட்டும். ரொம்ப நுனியில் போட்டால் இறுக்கும்போது மரம் பிளந்து வரும்.

ஒரே காலில் இரண்டு பக்கமிருந்தும் போல்ட் வருவதால் உள்ளே முட்டிக்கொள்ளும். அதனால் துளைகளை வேறு வேறு உயரத்தில் போடுங்கள்: பக்கச் சட்டத்தில் அடியிலிருந்து ஒன்றேகால், நாலு அங்குலத்தில் துளை. தலைமாடு, கால்மாடு சட்டங்களில் இரண்டு, நாலேமுக்கால் அங்குலத்தில்.

சட்டங்களை 78½, 60½ அங்குலமாக அறுத்து, அவற்றின் உள்முகம் காலின் உள்மூலையோடு ஒரே மட்டத்தில் நிற்கும்படி வையுங்கள். சட்டத்தின் நீளமே உள்ளளவாகிவிடும், மெத்தை மூலை காலில் இடிக்காது.

தமரூசி:
இணைப்பை விட எனக்குப் பயம் நடுவில்தான். முக்கால் அங்குலப் பட்டி 60 அங்குலம் தாங்கலில்லாமல் ஓடினால் தொய்யும். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை 2 × 4 அங்குலக் கட்டை ஒன்றை நட்டுக்குத்தாக நிறுத்துங்கள். படுக்க வைப்பதைவிட நாலு மடங்கு விறைப்பு. அதற்கு அடியில் இரண்டு கால், உயரம் திருத்தும் திருகுபாதத்தோடு. நடுக்கால் கூடிவிட்டால் கட்டில் ஆடும், குறைந்தால் தாங்காது.

10 பட்டி என்றால் இடைவெளி கிட்டத்தட்ட ஐந்தரை அங்குலம். ஃபோம் மெத்தை அதில் பிதுங்கி இறங்கும். 14 போட்டால் 2.8 அங்குலம்தான்.

பட்டி உட்கார ஒன்றரை அங்குலச் சதுர ரீப்பரை (நீளக் கட்டை), சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து 2 அங்குலம் கீழே, பசை தடவி 8 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூவாகப் பிடியுங்கள். இங்கே ஸ்க்ரூ நாருக்குக் குறுக்கே போகிறது, அதனால் பிடிக்கும். உருளை நட் துளையை மறைக்காமல் இரு நுனியிலும் 3 அங்குலம் விட்டுவிடுங்கள்.

இழைப்புளி:
சத்தம் பெரும்பாலும் பட்டியும் ரீப்பரும் உரசுவதால்தான். ரீப்பர் மேல் ஃபெல்ட் துணி ஒட்டினால் போதும். போல்ட்டை முழுக்க இறுக்குவதற்கு முன் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சமமாக்குங்கள். மரம் காய்ந்து சுருங்கும்போது போல்ட் தளரும். முதல் சில மாதத்தில் ஒருமுறை ஸ்பேனர் போட்டே ஆகணும். கால் இணைப்பில் மட்டும் பசை வேண்டாம், பிறகு கழற்ற முடியாது.

புதுஉளி:
பட்டிகளை ஸ்க்ரூ போடாமல் சும்மா வைக்கலாமா?

தமரூசி:
நகர்ந்து ஒரு பக்கம் குவிந்துவிடும். நுனிக்கு ஒரு ஸ்க்ரூ போதும், ஆனால் முன்துளை போடாமல் திருகினால் பட்டி பிளக்கும். அடிக்கடி கழற்றுவதாக இருந்தால், அடியில் இரண்டு நீள நாடா ஓட்டி ஒவ்வொரு பட்டியிலும் ஸ்டேபிள் அடித்துவிடுங்கள், பாய் மாதிரி சுருட்டி எடுக்கலாம். அப்போதும் முதல் பட்டியையும் கடைசிப் பட்டியையும் ஸ்க்ரூவில் பிடிக்கணும்.